கேன்சலில் போகிறவர்

"டோக்கன் அட்வான்ஸ் போடுறதுன்னா இப்பவே போட்ருங்க பாய். எந்த ஊரு வீட்டை எடுத்தாலும் இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார் பாண்டித்துரை.

ஊரிலிருந்து வீடு விற்க வந்திருந்த கம்பெனியின் ஆள் அவர். கழுத்தில் டை, பேச்சில் மதுரை. துபாய் ஹோட்டல் ஒன்றின் ஏ.சி. கூடத்தில் தமிழ்நாட்டை மேசை மேசையாகப் பிரித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் சென்னை, ஒன்றில் கோவை, தள்ளி திருச்சியும் குற்றாலமும்.

ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, செய்கு அலாவுதீன் செல்போனோடு தூண் பக்கம் ஒதுங்கினார்.

வீடு வாங்குமுன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்பது உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். இவர் கேட்கப்போவதோ அவர் ஊரில் எந்த ஆம்பிளையும் கேட்காதது.

அவருடையது கடற்கரை ஊர். அங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். வீடு எப்போதும் தாயிடமிருந்து மகளுக்கு.

செய்கு அலாவுதீனும் அப்படித்தான் மதீனா பீவியின் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை விருந்து முடிவதற்குள் விமானம் ஏறினார். துபாய் கராமா பகுதியில் கடை போட்டு, ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பெட்டி விற்றார். மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். அடுத்தவளுக்கும் கொடுத்தார். மதீனா பீவியின் பழைய வீட்டை இடித்துக் கட்டியது கடைக்குட்டி அஃப்னாவுக்குப் போனது. இத்தனை வீடு எழுப்பிய மனுஷனுக்குத் தன் பேரில் ஓர் அறை கிடையாது.

வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் போகும்போது இது உறைக்காது. விருந்தும் சிரிப்புமாக நாள் ஓடிவிடும். இந்தத் தடவை லீவு இல்லை. கடைக்கும் விசாவுக்கும் பொறுப்பேற்றிருந்த கஃபீல் அரபி கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இவருக்கு விசா கேன்சல். கேன்சலில் போகிறவருக்குத் திரும்பி வர டிக்கெட் இல்லை.

மகள் வீட்டு முன்னறையில், மருமகன் உள்ளே வரும்போதெல்லாம் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, சாகிற வரைக்கும் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதா? நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதீனாவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். இனியாவது அவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் மாதக்கணக்காகப் போன் போட்டார். ஒவ்வொரு தடவையும் பேரப்பிள்ளைகளின் சளியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

போனை எடுத்தவள் மதீனா பீவியேதான்.

சுற்றி வளைத்து, வெளியூரில் ஒரு வீடு வாங்கலாமென்று இருப்பதைச் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அழுவாளா, ஏசுவாளா, உம்மா வழி வந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்கிறார் என்று மகள்களைக் கூப்பிட்டுச் சொல்வாளா? அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பாண்டித்துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எந்த ஊருல?" என்றாள் மதீனா பீவி.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சென்னையை எடுத்த எடுப்பிலேயே தள்ளினாள், தண்ணி லாரிக்குப் பின்னால் யார் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? குற்றாலச் சாரல் நெஞ்சுக்கு ஆகாது. கோவை ரொம்பத் தூரம். திருச்சிதான் தேவலை, சர்க்கரைக்குப் பார்க்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மாடி வேண்டாம், முழங்கால் தாங்காது. படுக்கிற அறையில் மேற்கு வெயில் விழுமா என்பதுவரை விசாரித்தாள்.

செய்கு அலாவுதீனுக்கு அங்கேயே ஓர் ஆட்டம் போடலாம் போலிருந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தோம்? அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கிறது, வாயைத் திறந்து கேட்கத்தான் ஆளில்லை. பாண்டித்துரையைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

"அப்ப திருச்சிக்கே டோக்கன் போட்டுர்றேன். பெருநாள் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் போயிருவோம்" என்றார்.

"ரெண்டு பேருமா?"

மதீனா பீவி சிரித்தாள். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்.

"நான் எப்படிங்க இந்த வீட்டை விட்டுட்டு வர்றது? நீங்க அங்க நிம்மதியா இரிங்க. வருஷத்துக்கு ஒரு மாசம் நான் வந்து இருந்துட்டுப் போறேன். நமக்கு அது பழக்கந்தானே?"