காஜாவுக்குக் கிடைத்த கீழ்வீடு

"உன் கூட்டாளிக்குக் கீழ்வீடு அமைஞ்சிருச்சு போல" என்றார் இஸ்திரிக்காரர், சட்டைமேல் பெட்டியை ஓட்டியபடியே.

காலர் தைத்துக்கொண்டிருந்தவளின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

அந்தத் தையல் கூடத்தில் செய்கிற வேலைதான் பேர். காலர் தைக்கிற இவள் காலர். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் காஜா. ரெண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடு. கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியாச்சு. சேர்ந்தேதான் தெருத்தெருவாக வீடு தேடி அலைந்தார்கள்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யார் சொல்லணும்? நேத்து அவ வீட்டு மெஷினைத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டு, மருந்துக்கடைக்குப் பின்னால பச்சைக் கேட் வீட்டுக்குள்ள போனா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

நேற்று தலைவலி என்று அரை நாள் லீவு போட்டவள்.

பச்சைக் கேட் வீடு. ஒரு படிகூட ஏற வேண்டாம். காலருடைய புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் ஊன்றுகோல்தான், மாடி ஏற முடியாது. கீழ்வீடு கிடைக்காமல் இல்லை. ராத்திரியில் தையல் மெஷின் ஓடும் என்று சொன்னதும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். மெஷின் நின்றால் அடுப்பும் நின்றுவிடுமே, என்ன செய்வாள்?

நேரே காஜாவிடம் போனாள்.

"ஏண்டி, உனக்கு வீடு ஏதாச்சும் அமைஞ்சுதா?"

காஜா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கா? எங்கேக்கா, ஒண்ணும் அமையல" என்றவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புதான் காலர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

கூடவே அலைந்தவள். கமுக்கமாகக் காரியத்தை முடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறாளே.

சாயங்காலம் பச்சைக் கேட்டைத் தட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா வந்தார்.

"கீழ்வீட்டுக்கு ஒருத்தி வந்தாளேம்மா, காஜா எடுக்கறவ…"

"ஆமா. நீங்க யாரு?"

"அவளை நல்லாத் தெரிஞ்சவ. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ராத்திரியெல்லாம் மெஷின் கடகடன்னு ஓடும். உங்களுக்குத் தூக்கம் போச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைத்தான் நேத்தே பார்த்தாச்சே. மெஷினையே கொண்டாந்து, அதோட காலுக்கடியில பழைய டயரை வெட்டி வச்சா. என்னை மாடியில படுத்துக்கிட்டுக் காதைத் தீட்டிக் கேளுங்கன்னுட்டு, கீழ உக்காந்து ஓட்டினா. நான் அசந்தே தூங்கிட்டேன். அவதான் வந்து எழுப்பினா."

காலருக்கு வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"அதெல்லாம் வேஷம்மா. அவ வாயைத் திறந்தாலே பொய். அவ சொல்ற ஒரு வார்த்தையையும் நம்பாதீங்க."

அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"அப்படியா சேதி. அவ வார்த்தையை நம்பித்தானே முகமே பார்க்காத ஆளுக்கு வீடு தர ஒத்துக்கிட்டேன்."

"முகம் பார்க்காத ஆளா? வீடு அவளுக்குத்தானே?"

"அவளுக்கு இல்லம்மா, அவ கூட்டாளிக்கு. புருஷனுக்குக் கால் சரியில்லையாம், இவ மெஷின் ஓட்டித்தான் குடும்பமாம். போற இடமெல்லாம் விரட்டறாங்க, இதுவும் இல்லைன்னு ஆனா அக்கா உடைஞ்சு போயிடும், அதனால சாவி கைக்கு வந்த பிறகுதான் அதுகிட்டயே சொல்லுவேன்னா. உனக்கு வீடு வேண்டாமாடின்னு கேட்டேன். எனக்குக் கால் நல்லா இருக்கே, எந்த மாடின்னாலும் ஏறுவேன்னு சொல்றா."

காலர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா தங்கம், யாரைப் பத்தியும் ஒரு சொல் தப்பாப் பேசாதுன்னு அவ்வளவு சொன்னாளே. எல்லாம் பொய்யா? இன்னைக்குச் சாவி வாங்க வருவா. நல்லவேளை, நீங்க முந்திக்கிட்டீங்க. வரட்டும், நாலு வார்த்தை நல்லாக் கேட்டு அனுப்பறேன்."

தெருமுனையில் காஜா வருவது தெரிந்தது. கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"அம்மா, அவளை ஒண்ணும் கேட்டுறாதீங்க" என்றாள் காலர். "அவ சொன்னதெல்லாம் நிஜம். ஒண்ணே ஒண்ணைத் தவிர."

"எதை?"

"என்னைத் தங்கம்னு சொன்னாளே, அதைத்தாம்மா."