வில்லியம்ஸ் ஆடாத வருஷங்கள்

"பேப் ரூத்தா, டெட் வில்லியம்ஸா? டீம்ல ஒருத்தருக்குத்தான் இடம். யாரை எடுப்பீங்க, வரதன்?"

மேனேஜர் பிரசாத் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். பத்து வருஷம் பாஸ்டனில் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் பூமியின் தென்கோடியில் இருக்கும் இந்த நியூ லின் அலுவலகத்துக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் பேஸ்பால்தான். அதுவும் இன்றைய ஆட்டக்காரர்கள் கிடையாது, எப்போதோ செத்துப்போனவர்கள்.

வரதராஜனுக்குக் கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு மட்டை தெரியாது. ஆனாலும் மூன்று வாரமாக வீடு இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த அமெரிக்கர்களின் ஜாதகத்தையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தான். சும்மாவா? வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் புகார்களைத் தீர்த்துவைக்கும் அவன் பிரிவில் இரண்டே பேர். அடுத்த மாதத்திலிருந்து ஒருத்தர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒன்று அவன் போகவேண்டும், இல்லாவிட்டால் நல்லசாமி. யார் போவது என்று வெள்ளிக்கிழமைக்குள் பிரசாத் சொல்லவேண்டும். இன்றைக்கு வெள்ளி.

வீட்டுக் கடன் இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாக்கி. 

"ரூத்தான் சார். எழுநூத்திப் பதினாலு ஹோம் ரன். வில்லியம்ஸ் ஐந்நூத்தி இருபத்தொண்ணுதான்."

பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரி. அந்த அளவுக்குத் தேறியிருந்தான்.

"இந்த ஊர்ல யாரும் சார் போடறதில்லை, எத்தனை தடவை சொல்றது?" என்று சிரித்தான் பிரசாத். "ஆனா கணக்கு அவ்வளவு சுலபமா? வில்லியம்ஸ் ரெண்டு தடவை போர் வந்தப்பவும் ராணுவத்துல விமானம் ஓட்டப் போயிட்டார். கிட்டத்தட்ட அஞ்சு வருஷ ஆட்டம் போச்சு. நல்லா அடிக்கிற வயசு. அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டாமா?"

"போர்டுல இருக்கிறதுதானே சார் ஸ்கோர்? ஆடாத ஆட்டத்துக்கு யார் ரன் குடுப்பாங்க?"

"சரி, ரூத் காலத்துல கறுப்பின ஆட்டக்காரங்களை உள்ளேயே விடலை. நல்ல நல்ல பௌலர்களைப் பார்க்காமலே அடிச்ச ரன் அது."

"இருக்கட்டுமே சார். அவர் பேர்ல எழுதியிருக்கா? அப்ப அவரோடதுதான்."

தன் வாயா இப்படிப் பேசுகிறது என்று வரதராஜனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிரசாத் கோப்பையைக் கீழே வைத்தான். லேப்டாப்பை வரதராஜன் பக்கம் திருப்பினான்.

"பேஸ்பாலை விடுங்க. இதை உங்ககிட்ட கேக்கக்கூடாதுதான், ஆனா மனசு உறுத்துது. போன வருஷம் நீங்க முடிச்ச புகார்களைப் பாருங்க, மாசாமாசம் ஒரே சீரா இருக்கு. நல்லசாமி மத்த மாசமெல்லாம் உங்களுக்கு மேல. ஆனா ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் பாதிக்குப் பாதி. அந்த மூணு மாசம்தான் அவரைக் கவுக்குது. இருபத்தோரு வருஷமா இங்கே இருக்கிற மனுஷன். வில்லியம்ஸ் மாதிரி இவருக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்குமோ? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நல்லசாமி தெரிந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க அந்த இரண்டு விரல்தான். அதிலேயே எல்லோரையும் முந்திவிடுவார்.

வரதராஜன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியலை சார். ஐம்பத்தொன்பது வயசாச்சு. இந்த ஊர்ல அந்த மூணு மாசமும் குளிர்காலம் வேற. பாபகூராவிலிருந்து ரயில் பிடிச்சு வரணும். கை ஓடலையோ என்னவோ."

"அப்ப காரணம்னு எதுவும் இல்லை?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை சார்."

பிரசாத் பெருமூச்சு விட்டான். "காலையில அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். 'காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. யாருக்கு நம்பர் ஜாஸ்தியோ அவனை வெச்சுக்கங்க. வரதன் நல்ல பையன்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். நீங்களும் இல்லைங்கிறீங்க. அப்புறம் நான் என்ன செய்ய? ரூத்தையே எடுத்துக்கறேன். நீங்க போகலாம்."

வேலை தப்பித்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்தான். சனியன், வரவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தான்.

நல்லசாமி நாற்காலியை அவன் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன வரதா, பேசி முடிச்சாச்சா? நாலு நாளா மூஞ்சியே சரியில்லையேப்பா. பயப்படாதே. உன்னைப் பத்தி நல்லாத்தான் சொல்லிப்போட்டேன்."

"சொன்னார் அண்ணே."

"சாப்ட்டியா? வீட்ல அம்புஜத்துக்கு இப்ப உடம்பு தேவலையா? மருந்தெல்லாம் நிறுத்தியாச்சா?"

"நல்லா இருக்கா அண்ணே," என்றான் வரதராஜன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

போன ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் மனைவி அம்புஜத்தின் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அவன் நகரவில்லை, ஒரு புகாரைக்கூடத் தொடவில்லை. 'வீட்டிலிருந்து வேலைன்னு எழுதிக் குடுத்துடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்' என்று அவனுடைய பாஸ்வேர்டை வாங்கி, தன் வேலையில் பாதியைக் கிடப்பில் போட்டுவிட்டு, அத்தனையையும் அந்த இரண்டு விரலால் அவன் பெயரில் முடித்துவைத்தவர் நல்லசாமி.