லூர்தம்மாளின் முறை

ஆள் ஏறாவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவோம் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். ஊரில் மிச்சமிருந்த ஒன்பது வீட்டாரும் முறைவைத்து, தினம் ஒருவராகச் சும்மாவேனும் டவுனுக்குப் போய்வந்தார்கள். லூர்தம்மாளின் முறையன்று அவள் புருஷன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்.

“வேற யாரையாச்சும் போகச் சொல்றேன்.”

“எல்லாரும் அறுப்புக்குப் போயாச்சு. பஸ் நின்னுட்டா, நாளைக்கு மகன் வந்து என்னை எதுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்? நீ போ.”

தண்ணீர்ச் செம்பை அவர் கைக்கெட்ட வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் அவள் ஒருத்திதான். டவுன் வந்ததும் இறங்காமல், திரும்பும் நடைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர் வந்தார். “இறங்கிக்கோங்கம்மா. பிரேக் சரியில்ல, வண்டி இன்னிக்கு உங்க ஊருக்குப் போகாது.”

லூர்தம்மாள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஏறியிருக்கேனே, தம்பி” என்றாள்.