ஆறாவது அடுப்பு

ஐந்து புகைதான். கோவிந்தப்பன் கொல்லை மதிலோரம் நின்று மறுபடி எண்ணினார். பன்னிரண்டு நாளாக ஐந்துதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னாசிமுத்துவின் லைன் வீடு. ஒரே கூரை, ஆறு குடித்தனம். வாசல்கள் அடுத்த தெருவைப் பார்த்தவை. இவருக்குத் தெரிவது பின்பக்கத்து ஓட்டுக்கூரையும் புகையும் மட்டுமே.

ஓசூருக்குப் பிழைக்க வருகிறவர்கள் தங்க இடமில்லை என்று பஞ்சாயத்து ஒரு சலுகை அறிவித்திருந்தது. ஆறு குடும்பங்களுக்காவது வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டால் ஐந்து வருஷம் வீட்டு வரி கிடையாது. ஆறு குடும்பம் என்றால் ஆறு அடுப்பு எரிய வேண்டும்.

இன்னாசிமுத்து புதுச் சைக்கிள் வாங்கிய அன்று கோவிந்தப்பன் சாப்பிடவில்லை.

"நேத்து வரைக்கும் சாந்து கலக்கினவன். இன்னிக்கு வரி கட்டாத தொரை!"

"நீங்களும் கட்டியிருக்கலாம். சம்பங்கி அப்பவே சொன்னான்," என்றாள் மனைவி ருக்மணி, பூண்டு உரித்தபடி.

"அவன் பேரை எடுக்காத."

மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மகன் சம்பங்கியை அவர் வீட்டை விட்டு அனுப்பி ஒரு வருஷம். பெங்களூரில் ஏதோ வேலை என்று கேள்வி.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி இத்தனை பூண்டு?"

"எனக்கு வாயுத் தொல்லை. நீங்க போய் மனுவை எழுதுங்க."

ஆறாவது வீடு காலி, சலுகையை நிறுத்த வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு மனு போயிற்று. சனிக்கிழமை காலை பஞ்சாயத்து குமாஸ்தா ராமப்பன் நோட்டோடு வந்தார். கோவிந்தப்பன் முதன்முறையாக லைன் வீட்டுப் பின்சந்தில் கால் வைத்தார்.

ஐந்து அடுப்படிகளில் நெருப்பு இருந்தது. ஆறாவதில் மெழுகிய சாணி காய்ந்து வெடித்திருந்தது. சாம்பல் இல்லை. உள்கதவு சாத்தியிருந்தது.

"இங்க யாருப்பா குடி?" என்றார் ராமப்பன்.

இன்னாசிமுத்து கோவிந்தப்பனைப் பார்த்தார். "ஆளு இருக்காங்க சார்."

"பேரு?"

இன்னாசிமுத்து உள்கதவை மறைத்து நின்றுகொண்டார்.

"பேரே இல்லாத குடித்தனம்!" கோவிந்தப்பன் சிரித்தார். "காலின்னு எழுதுங்க சார்."

"அப்படி எழுதினா சலுகை போயிடும், இன்னாசி. வாடகையை ஏத்துவியா?"

"ஏத்தாம எப்படி சார் வரி கட்டறது? கல்லு ஒடைக்கிற ஜனம். பாதிப்பேர் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப பேரைச் சொல்லித் தொலையேன்யா."

"வாக்கு குடுத்துட்டேன் சார். சொல்லமாட்டேன்."

"பாத்தீங்களா? திருட்டு முழி!" கோவிந்தப்பனுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ராமப்பன் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்."

சந்து முனையிலிருந்து ருக்மணி வந்தாள். இடுப்பில் துணி மூடிய கூடை. பூண்டு வாசனை அவளுக்கு முன்னால் வந்தது.

"இந்த வீட்டுக்குச் சமையல் என் அடுப்புல நடக்குது. பிள்ளை பெத்த ஒடம்பு, பொகையில உக்காரக் கூடாது. பன்னெண்டு நாளா நான்தான் கொண்டாறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு இன்னாசியைக் கேட்டுக்கிட்டதும் நான்தான்."

ராமப்பன் பேனாவை மூடினார்.

"எவளோ பெத்ததுக்கு என் வீட்டுச் சோறா? அதுவும் இவன் வீட்டுக்கு?" கோவிந்தப்பன் கத்தினார்.

ருக்மணி உள்கதவில் கை வைத்தபடி திரும்பினாள்.

"மெதுவாப் பேசுங்க. உங்க பேரன் தூங்கறான்."