மேனேஜர் வேலைக்கு ஒரு நேர்காணல்

மெத்தைக் கடை மேனேஜர் வேலைக்கு, இந்த வயதில் இப்படிக் கைகட்டி உட்காருவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"முன் அனுபவம்?" என்றாள் முதலாளியம்மா, தலை நிமிராமல்.

"சொந்தமாவே மெத்தைக் கடை வச்சிருந்தேங்க."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"விடலைங்க. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன். ஒரு கூட்டத்துல வக்கீல் சட்டம் சொல்லிக் கொடுத்தார். 'கடையைக் கம்பெனியாப் பதிவு பண்ணுங்க, அப்புறம் கம்பெனி வேற, நீங்க வேற'ன்னார். இது போதுமேன்னு பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போயிட்டேன். நாளைக்கு கேஸ், கோர்ட்டுன்னு எவனும் என்னைத் தேடி வரக் கூடாதுன்னு, பங்கு மொத்தத்தையும் வேற ஒருத்தர் பேர்ல மாத்திட்டேன்."

"மீதிப் பாதியில வக்கீல் என்ன சொன்னாராம்?"

"பங்கு யார் பேர்ல இருக்கோ, அவங்கதான் முதலாளின்னு."

முதலாளியம்மா சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"இங்க காலையில நேரத்துக்கு வரணும். வாடிக்கையாளர்கிட்ட எரிஞ்சு விழக் கூடாது. முக்கியமா, விக்கிற மெத்தையில மத்தியானம் படுத்துத் தூங்கக் கூடாது."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. "சரிங்க."

"நாளையிலேருந்து வேலைக்கு வாங்க."

அப்பாடா என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் தயங்கித் திரும்பினார்.

"இப்போ உன் கார்லயே வீட்டுக்கு வந்துடட்டுமா?"

"அது கம்பெனி கார். கம்பெனி வேற, நீங்க வேற. பஸ்ல வந்துடுங்க" என்றாள் அவர் மனைவி.