மலாக்கியின் குழல்

"ஷ்... ஆரம்பிச்சுட்டாரு, கேளு!" என்றாள் அட்ராக்டா. வாய்க்குப் போன டீக் கோப்பை பாதி வழியிலேயே நின்றது.

பூட்டிய அறைக்குள் பைக்குழல் அழுதது. மலாக்கியின் குழலேதான். ஆனால் அவள் புருஷன் மலாக்கியைப் புதைத்து ஏழு மாதம் ஆகிறது. சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவனே ஃபின்டன்தான். அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"மூணு நாளா இதே நாலு மணிக்கு! பயப்படாத தம்பி. பையனை வீட்டுக்குக் கூப்பிடுறாரு. கோல்மன் வந்துடுவான், பாத்துக்கிட்டே இரு."

கானாங்கெளுத்தி பிடிக்கப் போன கோல்மனின் படகு செவ்வாய்க்கிழமைப் புயலுக்கு அப்புறம் கரை திரும்பவில்லை. ஊரே இவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறது. இவளோ சிரிக்கிறாள்!

பாட்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறியது.

"பாவம், செத்ததுல விரல் மரத்துப்போச்சு போல" என்றாள்.

சத்தம் ஓய்ந்ததும் ஏப்ரனிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. முழங்கையால் அழுத்தும் துருத்தி ஆணியில் தொங்கியது. அதன்மேல் படிந்த தூசி கலையவே இல்லை.

"சீவாளி செய்யிறவன் நீதானே? அது தாங்குமான்னு பாரு. பையன் வர்ற வரைக்கும் அவரு வாசிக்கணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஃபின்டன் குழலை அதன் காற்றுப்பையிலிருந்து உருவினான். குழலின் தலையில் செருகியிருந்த சீவாளியை நூல்சுற்றோடு மெல்லக் கழற்றினான். ஒட்டினாற்போல் இருக்க வேண்டிய இரண்டு நாணல் தகடுகளும் ஊறிப்போய் வாய் பிளந்திருந்தன.

"என்னக்கா, இவ்வளவு ஈரம்! இதுக்குத் துருத்திக் காத்துதானே ஆகும்? எச்சில் பட்டா சீவாளி நாசம். யாரோ கழட்டி வாயில வெச்சு ஊதியிருக்காங்க."

"அவரா? இருக்கவே இருக்காது. கிட்ட நின்னு மூச்சு விட்டாலே வள்ளுனு விழுவாரே..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"அடப் பாவி! இது கோல்மன் வேலை! கத்துக்கிறப்போ இதுக்குத்தானே அப்பாகிட்ட அறை வாங்குவான்! வந்துட்டான் ஃபின்டன், என் பையன் வந்துட்டான்! ஜன்னல் வழியா ஏறி வந்து அம்மாவை ஏய்க்கிறான்!"

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். மாடிப்படியில் தடதடவென்று ஓடினாள்.

"டேய் கோல்மன்! போதும்டா விளையாட்டு, வெளிய வாடா!"

ஃபின்டன் சீவாளியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். மாடியில் அவள் இன்னும் சிரித்தபடி கதவுகளைத் திறந்துகொண்டிருந்தாள். அவனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா... தேடாதீங்கக்கா. இது எச்சில் இல்ல. கடல் தண்ணி."