அசல் வேகம்

என் மனைவி பூரணி பழைய வீடியோ கேம்களை லினக்ஸ் கணினியில் ஓடவைப்பாள். திரையில் எதிரிகள் பெருகினால் அந்தக் காலத்து கேம் பெட்டி திணறும். அந்தப் பெட்டியைப்போலவே கணினியை நடந்துகொள்ள வைக்க அவள் நிறுவும் எமுலேட்டர் மென்பொருளும் அதே இடத்தில் திணற வேண்டும். அதற்காக நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று, கீழே கிடக்கும் ஒயரை மிதித்துத் திட்டு வாங்கியபடி, வியந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வேகமா ஓடினா நல்லதுதானே?" என்பேன்.

"அப்ப அது வே... வேற பெட்டிங்க," என்பாள். அவளுக்குக் கொஞ்சம் திக்கும்.

அவள் இறந்த பிறகு, எல்லா வீடுகளிலும் செய்வதுபோல, அவளுடைய குரலையும் குணத்தையும் அதே கணினியில் நிறுவச் சொன்னேன். நிறுவ வந்த ரிஃபாயா பொத்தானை அழுத்தினாள்.

"வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றது பூரணியின் குரல், செய்தி வாசிப்பவர்போலத் தடங்கலே இல்லாமல்.

"இது அவ இல்லம்மா."

"திக்கலை எடுத்துட்டோம் சார். எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"திரும்பப் போடும்மா. கோபத்தையும் சேத்து."

ரிஃபாயா செட்டிங்ஸில் 'அசல் வேகம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"கா... காலை எடுங்க! ஒயரை மிதிக்கிறீங்க பாருங்க."

கீழே ஒயர் எதுவும் இல்லை. நான் காலை எடுத்துக்கொண்டேன்.